மலையகத்தில் இருந்துகொண்டு கணினியிடம் தமிழில் கேட்பது எப்படி

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றைத் திறந்து, "22 வருஷம் தோட்டத்துல வேலை செஞ்சா பணிக்கொடை எவ்வளவு கிடைக்கும்?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். சுத்தமான தமிழில், படிப்படியாக ஒரு கணக்கு வரும். பல தடவை அது இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்ட கணக்காக இருக்கும்: மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்குவது.

நமக்குரியது அது இல்லை. இலங்கையின் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருஷமாவது வேலை செய்த நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். கணக்குக்காக நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று வையுங்கள். 14 நாளுக்கு 18,900. 22 வருஷத்துக்கு 415,800 ரூபாய். இந்திய முறையில் அதுவே 445,500 ஆகிவிடும். 29,700 ரூபாய் கூட எதிர்பார்த்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் நிற்க நேரும். விடையில் காற்புள்ளி 4,15,800 என்று விழுந்திருந்தால் அதுவே ஓர் அடையாளம்: கணினி இந்தியாவை மனதில் வைத்துப் பேசுகிறது.

காரணம் எளிது. இணையத்தில் தமிழில் இருப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. கணினி அதைப் படித்துத்தான் பேசப் பழகியிருக்கிறது. இடத்தைச் சொல்லாமல் தமிழில் கேட்டால் கிராம உத்தியோகத்தர் கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிடுவார், பிரதேச செயலகம் தாலுகா அலுவலகம் ஆகிவிடும், அடையாள அட்டை ஆதார் ஆகிவிடும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

எழுதத் தொடங்கும் முன்

ஆன்ட்ராய்டு போனில் கூகுள் விசைப்பலகையின் அமைப்புகளுக்குப் போய், மொழிகள் பகுதியில் தமிழைச் சேருங்கள். நாடு கேட்டால் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். குரல் தட்டச்சுக்கும் அதே மொழியைப் போடுங்கள். இலங்கைத் தமிழுக்கான குரல் தட்டச்சை கூகுள் 2017 இலேயே கொண்டுவந்துவிட்டது. எழுதப் பழக்கமில்லாத அம்மா, அப்பாவுக்கு இது பெரிய வசதி. வாயருகே ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்து, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, திரையைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்வது நல்லது. மூச்சுவிடாமல் ஒரு நிமிஷம் பேசினால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

குரலில் அதிகம் பிழைப்பது ஊர்ப்பெயரும் தோட்டத்துப் பெயரும். நாம் பேசும்போது தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர், பதிவேட்டில் இன்னொரு ஆங்கிலப் பெயர் என்று இரண்டு இருப்பது நம்மிடையே சாதாரணம். கடிதம் எழுதுவதென்றால் பதிவேட்டுப் பெயரையே கையால் தட்டச்சுச் செய்யுங்கள். எண்களையும் அப்படியே. "ஆயிரத்து முன்னூற்று ஐம்பது" என்று சொன்னது 1,350 ஆகத்தான் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் கணினி விளங்கிக்கொள்ளும். ஆனால் அங்கே ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். "மலை", "மழை" இரண்டுக்குள் எது என்று அது ஊகிக்கத்தான் வேண்டும். மேல்மலையில் நிரை (கொழுந்தெடுக்கும் வரிசை) பிடித்ததைப் பற்றி நீங்கள் கேட்க, மழைக்காலத்தைப் பற்றி அது விளக்கும்.

பழைய கடிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பைத் திறந்தால் நமக்குத் தமிழ் தெரியும். கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அதை அப்படியே ஒட்டினால், அர்த்தம் புரிந்ததுபோல ஏதோ ஒன்றைப் புனைந்து சொல்லவும் கூடும். முதலில் யூனிகோடு (எல்லாக் கருவிகளும் படிக்கும் எழுத்து முறை) மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தோட்டச் சங்கங்களிடமும் பாடசாலைகளிடமும் உள்ள பழைய ஆவணங்களில் நிறைய பாமினிதான்.

முதல் செய்தி

கேள்வி சின்னதாக இருந்தால் விடை பொதுவாக இருக்கும். கணினிக்கு உங்களைத் தெரியாது, உங்கள் லயத்தைத் தெரியாது, நேற்று துரை என்ன சொன்னார் என்று தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் அந்த உரையாடலில் நீங்கள் எழுதியது மட்டும். ஆகவே முதல் செய்தியை நீளமாக எழுதத் தயங்க வேண்டாம். தோட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம்: சேமலாப நிதி (ஈபிஎஃப்) பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர்.

இப்படிக் கேட்டால் பயனில்லை: "ஈபிஎஃப் பேர் மாத்த லெட்டர் ஒண்ணு எழுதித் தா."

இப்படிக் கேளுங்கள்:

"நான் இலங்கை, நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தியச் சட்டமோ இந்திய அலுவலகப் பெயர்களோ வேண்டாம். என் அம்மா 2003 முதல் 2024 வரை இங்கே வேலை செய்தவர். செக்ரோலிலும் (தோட்டத்து வேலைப் பதிவேடு) சேமலாப நிதிப் பதிவிலும் அவர் பெயர் ஒரு மாதிரி இருக்கிறது, தேசிய அடையாள அட்டையில் வேறு மாதிரி. இரண்டும் ஒருவரின் பெயர்தான் என்று உறுதிப்படுத்திக் கடிதம் தரும்படி தோட்ட முகாமையாளரிடம் கேட்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள், மரியாதையாக, ஆனால் கெஞ்சாமல் எழுதவும். பெயர், இலக்கம், திகதி வரும் இடங்களில் கோடு விடவும். நான் சொல்லாத எந்த விவரத்தையும் சேர்க்க வேண்டாம். எழுதும் முன் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் கேட்கவும்."

இதில் கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். வெற்றிடம் கண்டால் நிரப்புவது இந்தக் கருவிகளின் சுபாவம். ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவதால், "சட்டத்தின் பிரிவு" என்று எழுதிய கையோடு ஏதாவது ஓர் இலக்கத்தையும் போட்டுவிடும். அந்த இலக்கம் உண்மையாகவும் இருக்கலாம், இல்லாததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நிச்சயமான குரலில்தான் வரும். கேள்வி கேட்க அனுமதி கொடுத்தால், "கடைசியாக வேலை செய்த டிவிஷன் எது?", "சத்தியக் கடதாசி ஏற்கனவே எடுத்துவிட்டீர்களா?" என்பது போலத் திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்விகளே நாம் எதை மறந்தோம் என்று காட்டிவிடும்.

"கெஞ்சாமல்" என்று போட்டதற்கும் காரணம் இருக்கிறது. சொல்லாவிட்டால் "தங்கள் மேலான சமூகத்தின் பாதங்களில்" என்ற தொனியில் பழைய மனு நடை வந்துவிடுவதுண்டு. கேட்பது உரிமை. கடிதமும் அப்படியே நிமிர்ந்து நிற்கட்டும்.

தோட்டத்துச் சொற்களை முதலிலேயே விளக்கிவிடுங்கள். நாம் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம், "அரைப்பேர்" என்றால் பாதி. கணினி அதை ஆளின் பெயர் என்றே எடுக்கும். "இந்த மாசம் 18 பேர்" என்று எழுதினால் பதினெட்டு ஆட்களைப் பற்றிப் பேசத் தொடங்கும். தவறணை, கவ்வாத்து, பிரட்டு, கைக்காசு இவற்றுக்கும் இதே கதி. செய்தியின் தலைப்பில் நாலு வரி போதும்: "பேர் = ஒரு நாள் சம்பளம். பிரட்டு = காலையில் வேலை பிரிக்கும் இடம். கவ்வாத்து = தேயிலைச் செடியை வெட்டுவது." இந்த வரிகளைப் போனின் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புது உரையாடலிலும் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒட்டச் சொல்வது ஏனென்றால், புது உரையாடல் தொடங்கினால் பழையதை அது நினைவில் வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரே உரையாடல் மிக நீண்டு போனாலும் ஆரம்பத்தில் சொன்னது கைநழுவும். தமிழில் இது சீக்கிரமே நடக்கும். "கொழுந்து" என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என எட்டுத் துண்டு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் துண்டுக்கு மூன்று பைட் வீதம் 24 பைட். நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு நான்கே பைட். கணினி சொற்களைத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கிறது, தமிழ் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டாகிறது. அதனால் இடம் சீக்கிரம் நிரம்புகிறது. எழுத்தை எண்ணச் சொன்னாலோ, எதுகை மோனை கேட்டாலோ சறுக்குவதற்கும் இதில் பங்கு இருக்கிறது.

விடை வந்த பிறகு

முதல் விடையை வரைவு என்றே கொள்ளுங்கள். பிடிக்காத இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்: "இரண்டாம் பந்தி நீளம், பாதியாக்கு." "முகாமையாளர் என்றே எழுது, மேலாளர் வேண்டாம்." முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பக் கேட்டால் வேறொரு கடிதம் வரும், நன்றாக இருந்த பகுதியும் போய்விடும்.

"இது சரிதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலும் "ஆம், சரி" என்றே சொல்லும். "இல்லையே, பிழை போல இருக்கே" என்று அழுத்தினால், சரியாகச் சொல்லியிருந்தாலும் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொள்ளும். கேட்பவரோடு ஒத்துப்போகும் பக்கம் அதற்குச் சாய்வு இருக்கிறது. 1966 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற நிரல், சொன்ன வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிப்போடும் அளவுக்குத்தான் இருந்தது. அதற்கே தங்களைப் புரிகிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். இன்றைய கருவிகள் எவ்வளவோ மேல், ஆனால் தங்குதடையில்லாத பேச்சை அறிவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மை விடவில்லை. ஆகவே கேள்வியைத் திருப்புங்கள்: "இதில் எந்த இடம் பிழையாக இருக்கக்கூடும்? எதை நான் அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும்?" பயனுள்ள விடை வரும்.

சிங்களக் கடிதம்

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. அதைக் கைவிட வேண்டியதில்லை. இருந்தும் வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று சிங்களத்திலும் ஒரு பிரதி வைக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்.

தமிழ்க் கடிதத்தை முதலில் முடிவாக்குங்கள். குட்டிக் குட்டி வாக்கியங்களாக உடைத்த பிறகே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். வந்த சிங்களத்தை நகலெடுத்து, புத்தம் புதிய உரையாடலில் ஒட்டி, "இதைத் தமிழில் வரிக்கு வரி சொல்" என்று கேளுங்கள். அதே உரையாடலில் கேட்கக் கூடாது. மூலக் கடிதம் அங்கேயே இருப்பதால், சிங்களத்தில் பிழை இருந்தாலும் மூலத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடும். புது உரையாடலில் அந்த வசதி கிடையாது, பிழை வெளியே தெரியும். திரும்பி வந்த தமிழில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்தத் திகதி, எத்தனை ரூபாய் என்ற மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

சம்பளச் சிட்டை, படிவம்

படம் எடுத்து அனுப்பலாம். சிட்டையை மேசையில் நிமிர்த்தி வைத்து, நிழல் விழாமல், நேர்மேலே இருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு படம். அனுப்பியவுடன் விளக்கம் கேட்காதீர்கள். முதலில், "படத்தில் உள்ளதை அப்படியே எழுது. வாசிக்க முடியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று போடு" என்று சொல்லுங்கள். அந்தப் பிரதியைச் சிட்டையோடு ஒப்பிட்ட பிறகு கணக்குக்குப் போங்கள். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால் 3 ஐ 8 ஆக வாசித்த கணக்கு வெகுதூரம் போய்விடும். கையால் எழுதிய செக்ரோல் என்றால் இன்னும் கவனம்.

கணக்கைக் கையால் சரிபார்க்க மூன்று வீதங்களை மனதில் வையுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடிப்பார்கள், தொழில் தருநர் 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் (ஈடிஎஃப்) தொழில் தருநர் மட்டும் 3 வீதம். நிதிக்குரிய சம்பளம் 30,000 ரூபாய் என்றால் பிடிப்பது 2,400, தொழில் தருநர் பங்கு 3,600, நம்பிக்கை நிதி 900. கணினியின் விடை இதோடு ஒத்துவராவிட்டால், எந்தத் தொகையை அடிப்படையாக எடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் நிதி பிடிக்கப்படாத கொடுப்பனவையும் சேர்த்திருக்கும்.

படிக்கிற பிள்ளைகள்

இங்கேதான் அதிக சேதம். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை விஞ்ஞானத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழில் விடை வரும். இரசாயனவியல் வேதியியல் ஆகும், ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகும். அவை பரவாயில்லை, பிள்ளை கண்டுபிடித்துவிடும். இயக்கம் பற்றிய பாடத்தில்தான் அடி விழுகிறது. நம் பாடநூலில் திசையில்லாதது கதி, திசையுள்ளது வேகம். தமிழ்நாட்டில் திசையில்லாதது வேகம், திசையுள்ளது திசைவேகம். "வேகம் என்பது திசையற்ற கணியம்" என்று கணினி சொன்னதை நம் பிள்ளை பரீட்சையில் எழுதினால் அது பிழையான விடை. ஆர்முடுகல் அங்கே முடுக்கம்.

ஆகவே பிள்ளையின் முதல் செய்தி இப்படி இருக்கட்டும்: "நான் இலங்கையில் தரம் 10 படிக்கிறேன். இலங்கைப் பாடநூலின் கலைச்சொற்களைப் பயன்படுத்து: கதி, வேகம், ஆர்முடுகல், அமர்முடுகல், இடப்பெயர்ச்சி. விடையைச் சொல்லாதே. முதல் படியை மட்டும் சொல், நான் செய்து காட்டுகிறேன்." அந்தந்தப் பாடத்தின் சொற்களைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதே பாதிப் படிப்பு. பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, "இந்தப் பக்கத்தில் உள்ள சொற்களிலேயே விளக்கு" என்றால் இன்னும் நல்லது. இரண்டொரு விடை தள்ளிப்போனதும் பழைய சொற்களுக்குத் திரும்பும், அப்போது ஒரு வரியில் நினைவூட்டினால் போதும்.

காணியும் பயிரும்

லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு போட்டவர்கள் இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, நட்டு எத்தனை நாள், எந்த உயரம், மழை எப்படி என்று சேர்த்துக் கேட்கலாம். என்ன நோயாக இருக்கக்கூடும் என்று மூன்று நான்கு சாத்தியத்தைக் கேளுங்கள், ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் கணினியிடம் வாங்க வேண்டாம். அது சொல்லும் மருந்து இங்கே பதிவில்லாததாகவோ தடைசெய்யப்பட்டதாகவோ இருக்கலாம். போத்தலின் சிட்டையில் உள்ளதே அளவு. சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நில அளவில் ஒரு குழி உண்டு. நமக்கு ஏக்கர் என்றால் 160 பேர்ச், தமிழ்நாட்டில் 100 சென்ட். 10 பேர்ச் 2,722.5 சதுர அடி, 10 சென்ட் 4,356 சதுர அடி. பேர்ச்சைச் சென்ட்டாக எடுத்துக்கொண்டு உரக் கணக்குப் போட்டால் 1.6 மடங்கு உரம் விழும். காணி அளவைச் சதுர அடியிலும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கேட்கக் கூடாதவை, சொல்லக் கூடாதவை

இன்றைக்கு மண்சரிவு எச்சரிக்கை உண்டா, ஹட்டன் பாதை திறந்திருக்கிறதா என்பதைக் கணினியிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பழைய அறிவித்தலை இன்றையது போலச் சொல்லக்கூடும். மேட்டில் வெடிப்பு, சுவரில் பிளவு, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டை விட்டு வெளியே வந்து 117 க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அழையுங்கள். நெஞ்சுவலி, பாம்புக்கடி என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். எந்தப் படிவம், என்ன கட்டணம், எந்த நாள் என்பதற்கு அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். 12 இலக்கப் புது எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் வருஷத்தில் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1978612 என்று தொடங்கினால் 1978 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பிறந்த பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். படம் அனுப்பும்போது இலக்கத்தின் மேல் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து மறைத்துவிட்டு எடுங்கள். வங்கிக் கணக்கு இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், போனுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. கடிதத்தில் கோடு விட்ட இடங்களை அச்செடுத்த பிறகு பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரே போனை நாலு பேர் பாவிப்பதாக இருந்தால், நோய் பற்றியோ குடும்பப் பிரச்சினை பற்றியோ கேட்கும்போது தற்காலிக உரையாடலைத் தெரிவுசெய்யுங்கள். பல செயலிகளில் அது உண்டு, பட்டியலில் சேமிக்கப்படாது. அந்த வசதி இல்லையென்றால், கேட்டு முடிந்ததும் பக்கப் பட்டியலைத் திறந்து, அந்த உரையாடலின் மேல் விரலை அழுத்திப் பிடித்து நீக்கிவிடுங்கள். கடைத்தெருவில் தொடர்பாடல் நிலையத்துக் கணினியில் கேட்டிருந்தால், எழும்பும் முன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, பதிவிறக்கிய கடிதத்தையும் அழித்துவிட வேண்டும்.